வீட்டுக்காரருக்கு ரசனை வந்த கதை

என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ரசனை வந்தது. அன்றைக்குப் போனதுதான் என் நிம்மதி.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வீட்டைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. ஜன்னலில் பழைய பெட்ஷீட் தொங்கினாலும் பட்டுச்சேலை தொங்கினாலும் அவர் கண்ணுக்கு இரண்டும் துணிதான். தீபாவளிக்குச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டால், “கடையில எது இருக்கோ அத அடி” என்பார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்:

“ஹாலுக்கு வெள்ள லைட்டு வேணாம், உன் கிளினிக் மாரி இருக்கும். வார்ம் வைட் போடணும், லேசா மஞ்சளா. அதுவும் நடுவுல பெருசா ஒண்ணு வேணாம். மூலைக்கு மூலை சின்னச் சின்னதா வச்சா அந்தி நேரத்துல பாக்கவே நல்லாருக்கும்.”

என் கையில் இருந்த ரசக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. வார்ம் வைட்! இந்தச் சொல்லை இவருக்கு யார் கற்றுக்கொடுத்தது?

நான் மலாக்கா மாநிலத்தில் புலாவ் செபாங் ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறவள். வேலைக்கு மட்டம் போட எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு கேட்டு வருகிற கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. வயிற்றுவலி என்று வருகிறவனிடம் எந்தப் பக்கம் என்று கேட்டதும் அவன் கை எங்கே போகிறது என்பதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். பொய் சொல்கிறவர்களுக்குப் பொதுவாக ஒரு குணம் உண்டு. கேட்காத விவரத்தையெல்லாம் தாங்களாகவே சொல்வார்கள். அந்தி நேரத்தில் பார்க்க நன்றாக இருக்குமாம். அந்தி நேரத்தில் எந்த வீட்டில் உட்கார்ந்து இவர் அதைப் பார்த்தார்?

பேச்சு எங்கள் புது அப்பார்ட்மென்ட்டைப் பற்றியது. அவரும் நானும் செலண்டார் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். கல்யாணத்துக்குப் பிறகு புலாவ் செபாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு மலாக்கா டவுன் பக்கம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. மகள் ஜொகூருக்குப் படிக்கப் போனதும், சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று மலாக்கா டவுனில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் வீடு எடுத்தோம். சாவி கைக்கு வந்தபோது உள்ளே வெறும் தரையும் சுவரும்தான். அதை வீடாக்குவது என் பொறுப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் மனதில் ஒரு படம் இருந்தது. நுழைந்ததும் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் இதுவரை யாரும் காப்பி குடிக்காத கோப்பை செட்டு. அதற்கு மேலே சட்டம் போட்ட எங்கள் கல்யாணப் படம். வருகிறவர்கள் கண் கூசுகிற மாதிரி நல்ல டியூப் லைட். ஒரு பக்கம் சீரியல் பல்பு சுற்றிய சாமி மேடை. தோட்டத்தில் வசதியானவர்கள் வீடு அப்படித்தான் இருக்கும், வேறு எப்படி இருக்கும்?

அவரிடம் வேறு படம் இருந்தது. அதுவும் அரைகுறையாக இல்லை, முழுதாக இருந்தது.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்தால் சின்ன ஹால் இரண்டு பங்காகத் தெரியும் என்றார். கர்ட்டனை ஜன்னல் உயரத்துக்குத் தைக்கக் கூடாது, கூரையிலிருந்து தரை வரைக்கும் விட வேண்டும், அப்போதுதான் வீடு உயரமாக இருக்கும் என்றார். சோபாவுக்குக் கால் இருக்க வேண்டும், தரை தெரிந்தால் இடம் இருப்பது போலத் தோன்றும். டி.வி.க்குப் பின்னாலும் கட்டிலுக்குப் பின்னாலும் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடிக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை, நிறம் வீடு முழுக்க ஒரே மணல் நிறம். கேஸ் அடுப்பு வேண்டாம், கண்ணாடி மேல்தளம் வைத்த இண்டக்‌ஷன் அடுப்புப் போதும், துடைக்க ஒரு துணி போதும். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குச் சுருக்கென்றது. துடைப்பதைப் பற்றி எந்தக் காலத்தில் இவர் கவலைப்பட்டிருக்கிறார்?

“இதெல்லாம் எங்க பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“போன்லதான். எல்லாம் வருது.”

சொல்லும்போது கண் என் மேல் இல்லை, ஊறுகாய் மேல் இருந்தது. எம்.சி. கேட்கிறவர்களும் அப்படித்தான் மேசை மேலிருக்கும் பேனாவைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

முதலில் என் சந்தேகம் டிசைனர் பெண் மேல் போனது. டவுனில் ஆபீஸ் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். வயது குறைவு, முடி தோளோடு, வாயில் பாதி இங்கிலீஷ். சரி, இவள்தான் அவருக்குக் கர்ட்டன் பாடம் எடுத்தவள் என்று முடிவு கட்டி, அவளை நேரில் பார்க்கவே ஒரு நாள் லீவு போட்டு அவரோடு போனேன். அவள் மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆன்ட்டி, எனக்கு வேலையே இல்லலா. அங்கிள் எல்லாம் ரெடியா வச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. கண்ணாடி எவ்ளோ உயரம், சுவிட்சு எந்தப் பக்கம், சாவி மாட்டுற கொக்கி எங்க, எல்லாமே. நான் வரைஞ்சு மட்டும்தான் குடுத்தேன்.”

அவள் பேச்சில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆள் இவள் இல்லை என்றால், இவளிடம் வருவதற்கு முன்பே யாரோ பாடம் எடுத்திருக்கிறார்கள்.

வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. ஹால் இருந்தது, அறைகள் இருந்தன, செருப்பு அலமாரிக்குக்கூட இடம் இருந்தது.

“சாமி எங்கங்க?”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தமிழன் ஒருவன் வீடு கட்டத் திட்டம் போடுகிறான், சுவிட்சு எந்தப் பக்கம் என்பது வரைக்கும் யோசிக்கிறான், சாமியை மறந்துவிட்டான். டிசைனர் பெண் இருமினாள். அவர் அவசரமாக, “அந்தத் தூணுக்குப் பக்கத்துல ஒரு ரேக் அடிச்சுடலாம்” என்றார். என் கல்யாணப் படத்துக்கு எங்கே இடம் என்று நான் கேட்கவே இல்லை. அந்தச் சுவரில் ஏதோ ஒரு பச்சை இலைப் படத்தை வரைந்து வைத்திருந்தார்கள்.

மஸ்ஜித் தானாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அக்காவுக்கு அன்றைக்கே போன் போட்டேன். அக்காவிடம் சொல்வது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்று தெரியும். தெரிந்தேதான் ஊற்றினேன்.

“ஆம்பள திடீர்னு கர்ட்டன் பத்திப் பேசுறான்னா எங்கியோ ஒரு வீட்டுல கர்ட்டன் மாட்டிக் குடுத்திருக்கான்னு அர்த்தம்” என்றாள். “சோழியன் குடுமி சும்மா ஆடாதுடி. சாமிக்கே இடம் வைக்கலன்னா அவ நம்ம ஆளு இல்ல. வேற மதத்துக்காரி. நீ நல்லா யோசிச்சுப் பாரு.”

நல்லாத்தான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. அவர் சட்டையில் முன்பெல்லாம் மெஷின் எண்ணெய் வாடை அடிக்கும், துவைத்தாலும் போகாது. இப்போது எலுமிச்சம்புல் வாசனை அடித்தது. தொழிற்சாலையில் எலுமிச்சம்புல்லா விளைகிறது? ஒரு நாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது அதில் நீளமாக ஒரு முடி ஒட்டியிருந்தது, செம்பட்டை நிறம். என் முடி அத்தனை நீளமும் இல்லை, அந்த நிறமும் இல்லை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துகொண்டு வந்தது. கிளினிக்கிலிருந்து மருந்து கொண்டுவந்து நானே தடவிவிட்டேன். “கம்பெனில புது கெமிக்கல்” என்றார். தடவும்போதே நினைத்தேன், இந்தக் கை இப்போது யாருக்கு வேலை செய்கிறது என்று.

இதற்கெல்லாம் மேலே அந்தப் போட்டோ. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது, எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டில். வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. மேலே இரண்டு துண்டு அழகாக மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் சின்ன விளக்கு, வார்ம் வைட். பின்சுவரில் அதே மரப்பட்டி, அதே மணல் நிறம். நான் பார்த்தது எங்கள் புது வீட்டுப் படுக்கையறையை. ஆனால் எங்கள் வீட்டுக்கு இன்னும் கட்டிலே வரவில்லை.

இரண்டு துண்டு. ஒன்று அவருக்கு, இன்னொன்று யாருக்கு?

குளித்து வந்தவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக ஏதாவது சொல்லித் தப்பிவிடுவார். கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு. எனக்குள் ஒன்று மட்டும் தீர்மானமாக இருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சுகிற நாளுக்குள் உண்மை தெரிய வேண்டும். எவளோ ஒருத்தி வாழ்கிற வீட்டைப் பார்த்துக் காப்பியடித்துக் கட்டிய வீட்டில், அவள் ருசிக்குப் போட்ட விளக்கின் கீழ் நான் குடித்தனம் பண்ண மாட்டேன். மகளிடம் ஜொகூருக்குப் போய்விடுவேன்.

சொல்லிக்கொண்டேனே தவிர, நாள்தான் நெருங்கியது, உண்மை நெருங்கவில்லை. டவுனுக்குப் போகிற சாக்கில் இரண்டு தடவை அவர் காரைப் பின்தொடரப் பார்த்தேன். நான் கார் ஓட்டுகிற லட்சணத்துக்கு முதல் சமிக்ஞை விளக்கிலேயே விட்டுவிட்டேன். அவரோ ஒன்றும் அறியாதவர் போல, குஷனுக்கு எந்தத் துணி என்று என்னிடமே யோசனை கேட்டார். இஷ்டம் போல வாங்குங்கள் என்றேன். அதையும் அவர் இஷ்டத்துக்கே வாங்கினார்.

பால் காய்ச்சுகிற அன்று விடியற்காலையே அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். அவர் பக்கத்து உறவு சில பேரும் வந்தார்கள். மகளுக்குப் பரீட்சை, வரவில்லை. நான் குத்துவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி நின்றுவிட முடியும்? வலது காலை எடுத்து வைத்தேன். மனசு வெளியிலேயே நின்றது.

வீடு அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். ஜன்னலில் தெரிந்த வானம் எதிர்க் கண்ணாடியிலும் தெரிந்தது. கர்ட்டன் கூரையிலிருந்து அலை அலையாக இறங்கியது. தூணுக்குப் பக்கத்தில் சாமி ரேக்கில் ஒரு சின்ன விளக்கு முருகன் முகத்தில் மட்டும் பட்டது. உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசினார்கள், ஆபீசுக்குள் வந்துவிட்டவர்கள் மாதிரி. அக்கா மட்டும் என் காதில், “யாரு வீட்டுக்கோ வந்த மாரி இருக்குடி” என்றாள். எனக்கும் அதேதான்.

ஐயர் பூஜையை முடித்து அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது நல்ல நேரம் முடிவதற்குள் பாலை வைத்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார். அக்கா பையைத் திறந்தாள். தாய்வீட்டுச் சீராகப் பால் பானை கொண்டுவருவது எங்கள் பக்கம் மூத்தவள் உரிமை. பளபளவென்று ஒரு பித்தளைப் பானை, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி, குங்குமம் வைத்து. நான் பாலை ஊற்றினேன். அக்கா பானையை அந்தக் கண்ணாடி அடுப்பு மேல் வைத்து, சுவிட்சுப் படம் போட்ட இடத்தை அழுத்தினாள். கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி கத்தியது. அத்தான் வந்து அழுத்தினார். எல்லாரும் ஒவ்வொரு தடவை அழுத்திப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து உள்ளே வந்து பானையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் மாறியது.

“பித்தளையா? பித்தளைக்கு இது சூடாகாது. காந்தம் ஒட்டுற பானையா இருக்கணும்.”

“உனக்கெப்படித் தம்பி தெரியும்? நேத்துதானே அடுப்ப மாட்டினாங்க?” என்றாள் அக்கா. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. வேறு பானை கிடையாது. பால் பொங்குவதற்கு முன் பழைய பாத்திரம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. அந்த நேரத்துக்குக் கடை எதுவும் திறந்திருக்காது. பக்கத்து வீடுகளில் யாரும் குடிவரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், பிறகு, “இருங்க, கீழ கார்ல ஒண்ணு இருக்கு” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

காரில் பானையா? பானை இருக்கிற கார் எந்த வீட்டுக்குப் போகிற கார்? நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த லிப்டில் இறங்கினேன்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் முதுகுதான் தெரிந்தது. பின்பெட்டி திறந்திருந்தது. செருப்புச் சத்தம் கேட்டுச் சட்டென்று மூடப் போனார். நான் கையை வைத்துத் தடுத்தேன்.

உள்ளே வெள்ளைத் துண்டுகள் அடுக்கியிருந்தன. மூட்டையாகக் கட்டிய பெட்ஷீட்டுகள். அதற்குப் பக்கத்தில் வாளி, மாப்பு, ரப்பர் கையுறை, கக்கூஸ் பிரஷ், எலுமிச்சம்புல் வாசனை ஸ்ப்ரே.

“யாரு வீட்டுது இதெல்லாம்?”

“யாரு வீட்டுதும் இல்ல” என்றார். “டவுனுக்குச் சுத்திப் பாக்க வர்றவங்க தங்குற வீடுங்களுது.”

அப்புறம் அவர் நிறுத்தவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். வரைபடம் போடுவதற்கு வெகு நாளுக்கு முன்பே தொழிற்சாலையில் அவருடைய பிரிவை மூடிவிட்டார்களாம். வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தும் வயது அதிகம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு சீனத்தி, சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற அப்பார்ட்மென்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவள், சுத்தம் செய்ய ஆள் தேடினாளாம். தங்கியவர்கள் போனதும் விரிப்பை மாற்றி, பாத்ரூம் கழுவி, அறையைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று அவளும் போட்டோ அனுப்புவாளாம்.

“அந்த முடி?” என்றேன். அப்போதும் விடவில்லை நான்.

“பாத்ரூம் ஓட்டையில வார்றது நான்தானே. சட்டையில ஒட்டாதா?”

“போனக் குடுங்க.”

கொடுத்தார். தள்ளத் தள்ள அறைகள். கட்டில், சோபா, கண்ணாடி, கூரையிலிருந்து இறங்குகிற கர்ட்டன், மூலை விளக்கு. ஒன்றில்கூட ஆள் இல்லை. ஒன்றில்கூடச் சாமி இல்லை. வந்து போகிறவர்கள் வீட்டில் சாமி எதற்கு? கல்யாணப் படம் எதற்கு? எங்கள் ஹால் எத்தனையோ தடவை அந்தப் போனுக்குள் இருந்தது.

“ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்ல? உங்கக்கா வீட்டுக்கே நான் சூப்பர்வைசர்தானே. கக்கூஸ் கழுவுறேன்னு சொல்லவா?”

எங்கள் தோட்டத்தில் கக்கூஸ் கழுவியவர் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவர் பிள்ளைகள் பந்து விளையாட வந்தால் மற்றப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை.

“நான் என்ன நெனச்சேன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். உன் மூஞ்சியிலயே இருந்துச்சு. நீ பொம்பள விஷயமுன்னு நெனைக்கிறன்னு தெரியும்.” கையுறையை எடுத்து வாளிக்குள் போட்டார். “அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். இதுக்கு அது பரவால்லன்னு தோணுச்சு.”

உண்மையாகவே ஒரு பெண் இருந்திருந்தால்கூட நான் இத்தனை நொந்திருக்க மாட்டேன். அவளைத் திட்டியிருப்பேன், இவரைத் திட்டியிருப்பேன், ஜொகூருக்குப் போயிருப்பேன். இதற்கு யாரைத் திட்டுவது? கோபம் மட்டும் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அந்த வயிற்றெரிச்சலோடு என்னைப் படுக்க வைத்தாரே என்று கோபம். தோல் உரிந்த விரலில் நான் மருந்து தடவும்போதுகூட வாயைத் திறக்கவில்லையே என்று கோபம். அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். வாங்கிக்கொண்டு நின்றார்.

மேலேயிருந்து அக்கா போன் பண்ணினாள். நல்ல நேரம் போகிறதாம்.

அவர் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் பானையை எடுத்தார். அந்த வாடகை வீடு ஒன்றில் கைப்பிடி ஆடுகிறது என்று தூக்கிப் போடச் சொன்னார்களாம். நன்றாகத்தானே இருக்கிறது என்று எடுத்து வைத்திருக்கிறார்.

“ஐயோ, இதுல என்னென்னத்த ஆக்கித் தின்னாங்களோ!”

“தேச்சுக் கழுவித்தான் வச்சிருக்கேன். வேணாம்னா விடு, ஓடிப்போய் எங்கியாவது...”

அவர் கழுவினால் எப்படிக் கழுவுவார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பானைக்குள் என் முகம் தெரிந்தது. அதை அவர் கையிலிருந்து வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டேன்.

மேலே போனதும் அக்கா பிடித்துக்கொண்டாள். “ஏது இந்தப் பானை?”

“நேத்தே வாங்கினதுக்கா.”

அவள் திருப்பிப் பார்த்தாள். அவளும் என் ரத்தம்தானே, விடுவாளா? “அடி லேசா பழுத்திருக்கே?”

“கடையில வச்சு சோதிச்சுப் பாத்துத்தான் குடுப்பாங்க. அதான்.”

கேட்காத விவரம் எதையும் நான் சொல்லவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மஞ்சள் கொத்தை அவிழ்த்து இந்தப் பானைக் கழுத்தில் கட்டினாள். நான் விபூதியை எடுத்து மூன்று பக்கமும் பூசினேன். முருகா, நீயே பார்த்துக்கொள் என்று பாலை மாற்றி ஊற்றினேன்.

அடுப்பு சத்தம் போடாமல் சூடேறியது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வழிந்த பால் பட்டு அடுப்பு தானாக அணைந்து கீ கீ என்று கத்தியபோது, அக்கா பதறுவதற்குள் அவர் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார். அத்தான், “மாப்பிள்ள கைய பாரேன், ஓட்டல்காரன் தோத்தான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். அக்கா லிப்டுக்குள் நின்று, “அந்த விஷயம் என்னாச்சு?” என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ஒன்றுமில்லை என்று கையாட்டினேன். கதவு மூடியது. அவள் நம்பவில்லை. இனிமேலும் நம்ப மாட்டாள்.

உள்ளே வந்து சோபாவில் விழுந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்க.”

“இருக்கட்டும். நீ உக்காரு.”

“என்ன இருக்கட்டும்? யாரு வாங்கின சோபா?”

வந்து விளிம்பில் உட்கார்ந்தார், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறவர் போல. இந்த மாதிரி சோபாவைத் தினமும் துடைத்திருக்கிறாராம். ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லையாம். கேமரா இருக்குமோ என்று பயமாம்.

“வேல முடிஞ்சு கதவச் சாத்துறதுக்கு முன்ன ஒரு தடவ திரும்பிப் பாப்பேன்” என்றார். “அந்தி வெளிச்சம், லைட்டு எல்லாம் எரியும். இந்த மாரி ஒரு எடத்துல நீ காலு நீட்டி உக்காந்துருக்கணும்னு நெனச்சுக்குவேன்.”

தண்ணீர் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்தார். எழுந்தவர், தான் செய்வது தனக்கே தெரியாமல் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்த பள்ளத்தைத் தட்டினார், குஷனை நிமிர்த்தி மூலையில் சாய்த்து வைத்தார், துணியில் இருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். ஒரு நொடியில், அந்த இடத்தில் யாருமே உட்கார்ந்ததில்லை என்பது போல ஆகிவிட்டது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுங்க” என்றேன். “அப்படியே கெடக்கட்டும். இங்க நாளைக்கு யாரும் வரப் போறதில்ல.”